ராபியாவின் பூச்சாடிப் பலகை

ராபியாவுக்குப் பழைய பாத்திரம் என்றால் பைத்தியம் என்று தாராவியில் அவள் சந்து முழுக்கப் பேச்சு. வசதிக்காரி வீட்டை அலங்கரிக்கப் பழைய பூச்சாடி வாங்கினால் அதற்கு ரசனை என்று பெயர். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருக்கிறவள் வாங்கினால் கிறுக்கு. இது என்ன நியாயம் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினொரு வருஷமாகப் பங்கார் குடோனில், பழைய சாமான் கிடங்கில், வேலை. ஊர் வேண்டாம் என்று தள்ளிய பித்தளையையும் செம்பையும் அலுமினியத்தையும் தனித்தனியாகப் பிரித்து, உருக்கப் போகிற மூட்டையில் கட்ட வேண்டும். பிடித்ததை எடைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சேட் சொன்னபோது மற்ற பெண்கள் குக்கரும் வாணலியும் எடுத்துப் போனார்கள். ராபியா எடுத்தது கன்னங்கரேலென்று ஒரு பூச்சாடி. கறுத்த பாத்திரம் என்றால் கரிப்பிடித்த பாத்திரம், நம் வீடுகளில் வேறு அர்த்தம் கிடையாது. புளியும் சாம்பலும் போட்டு ஒரு பகல் முழுக்கத் தேய்த்தாள். பாதி வெளுத்த பிறகுதான் பார்த்தாள்: மீதிக் கறுப்பின் மேல் பளிச்சென்று ஓடிய வெள்ளிக் கொடி, வெளுத்த பக்கத்தில் இருந்த இடமே தெரியவில்லை. அது பீதர் ஊர் வெள்ளிப்பதிப்பு வேலை, அந்தக் கறுப்பைத்தான் பாடுபட்டு ஏற்றுவார்கள், நீ கழுவிவிட்டாய் என்று சோர் பஜாரில் பழஞ்சாமான் விற்கிற ஒரு கடைக்காரர் சிரித்தார். வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்து, அதைத் தூக்கிப் போடாமல் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள். என் கை செய்த தப்பு என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றாள்.

அன்றிலிருந்து எதையும் தேய்ப்பதில்லை, துணியால் துடைப்பதோடு சரி. தன் சம்பளத்தில் ஒரு தேக்குப் பலகை வாங்கி வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். அதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: பன்னீர்ச் செம்பு, கழுத்து நீண்ட செம்புக் கூஜா, வாய் உடைந்த நீலப்பூப் பீங்கான் ஜாடி. உடைந்த பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். பிளாஸ்டிக் பூவை எதிலும் செருகவிட மாட்டாள்.

மகன் இஜாஸுக்கு விக்ரோலியில் பெண் பேசியிருந்தது. பெண் ஃபர்ஸானாவை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் உம்மா மதீனா பீவியும் மாமாவும் வீடு பார்க்க வருவதாக இருந்தது.

"உம்மா, ஒருநாள் மட்டும் இதையெல்லாம் மாளால ஏத்திருவோம். பங்கார் கடைன்னு நினைச்சிருவாக" என்றான் இஜாஸ், மேல்பரணைக் காட்டி.

"வீடு பாக்கத்தான வாராக. நம்ம வீடு இதுதான்."

தோல்பை தைக்கிற கணவர் ஷேக் பரீத் சாதுவான மனிதர். அவ கேக்கவா போறா என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனார். ராபியாவுக்கும் உள்ளூரப் பயம்தான். தன் பிடிவாதத்தால் மகன் கல்யாணம் தட்டிப்போனால் ஆயுசுக்கும் தன்னை மன்னிக்க மாட்டாள்.

ஞாயிறன்று பெண்ணின் மாமா டேப்போடு வந்தார். சீர் சாமான் வாங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுச் சுவரை அளப்பது இங்கே வழக்கம். வாங்கிய பீரோ வாசலிலேயே நின்றுபோன கதைகள் எத்தனையோ உண்டு. அவர் அளந்துகொண்டே வந்து பலகைக்குக் கீழே நின்றார்.

"பீரோ இங்கதான் நிக்கும். பலகையக் கழட்டிருவீகல்லா?"

"எம்மவளுக்கு எல்லாம் புதுசா வாங்குதோம். இந்தப் பழசெல்லாம் எதுக்கு லாத்தா?" என்றாள் மதீனா பீவி.

கழட்டிரலாம், கழட்டிரலாம் என்று ஷேக் பரீத் தலையாட்டினார்.

"கழட்ட முடியாது" என்றாள் ராபியா. "பீரோவுக்கு என் கட்டில் கிடக்குற இடத்தத் தாரேன், நான் தரையில படுத்துக்கிடுதேன். அடுப்படிச் சுவர உங்க மவ பூராவும் எடுத்துக்கிடட்டும். இந்தப் பலகை என்னோடது. இந்த வீட்டுல எனக்குன்னு நான் வச்சுக்கிட்டது இது ஒண்ணுதான்."

மாமா டேப்பைச் சுருட்டினார். சாயாவில் ஆடை படிந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

"ஒரு பலகைக்காக எங்கல்யாணத்தக் கெடுத்திட்டியேம்மா" என்று இஜாஸ் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவன் தட்டை மூடி வைத்துவிட்டு அவளும் பட்டினி கிடந்தாள். மூன்று நாள் விக்ரோலியிலிருந்து போன் இல்லை. மூன்றாம் நாள் ராபியா ஸ்டூல் போட்டு ஏறி, எல்லாவற்றையும் இறக்கிவிடுவது என்று கூஜாவைக் கையில் எடுத்தாள். மனசு கேட்கவில்லை. துடைத்து அங்கேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

மறுநாள் வாசலில் ஃபர்ஸானா நின்றாள். லேபில் ரத்தம் எடுக்கிற வேலை முடிந்து, தனியாக ரயிலேறி வந்திருந்தாள். சலாம் சொல்லிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பீரோ வேண்டாம்னு உம்மாகிட்ட சொல்லிட்டேன் மாமி. சம்மதிக்க நாலு நாளாச்சு" என்றாள். "எங்க வீட்டுல ஏழு பேரு. எனக்குன்னு எத வச்சாலும் யாராச்சும் எடுத்து வேற எங்கயாவது போட்டிருவாக. அதான் உங்ககிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எனக்கும் ஒரு பலகை தருவீகளா?"

ராபியா அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"அத ஏன் எங்கிட்ட கேக்க? வந்த அன்னைக்கே ஆணிய அடி. எம்மவன் கழட்டச் சொன்னாலும் கழட்டாத. நானே சொன்னாலும் கழட்டாத."