நல்லா இருக்கேன் மேடம்

தெருவில் எல்லோரும் அவரை ரிவர்ஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். பட்டாளத்தில் சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு திரும்பியதும் ஒரு பேக்கரியில் வேன் ஓட்டினார். சாலையில் கேட்பாரற்று ஒரு மூட்டையோ அட்டைப்பெட்டியோ கிடந்தால் போதும், வண்டியை நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்து, தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போய்விடுவார். அவருக்குப் பின்னால் வந்த பைக்குகளும் கார்களும் வேறு வழியில்லாமல் பின்வாங்கும். மொத்தத் தெருவும் முதுகுப் பக்கமாக ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும்.

பேக்கரி முதலாளி நல்ல மனிதர். முடிந்தவரை பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா காலைல கிளம்பின பன்னு சாயங்காலம் போய்ச் சேர்ந்தா யாருண்ணே வாங்குவா?" என்றார். ரிவர்ஸ்காரர் வண்டியைக் கழுவி, சாவியையும் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி டவுன் பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிற மாதிரி நடிப்பவனை, முன் படிக்கட்டில் நின்றபடியே எழுப்பி டிக்கெட் கொடுக்கிற கண்ணும் குரலும் அவருக்கு. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் பையைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, உங்களுக்கு இருக்கறது வியாதியாம். பட்டாளத்துல வந்ததுன்னா ஊன ஓய்வூதியம் கிடைக்குமாம். பஸ்ல ஒரு மாஜி சிப்பாய் சொன்னார்."

"எனக்கென்ன ஊனம்? ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. தூங்கறப்பவும் ஷூவோட இருக்கு. அதத்தான் சொல்றேன்."

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். "காயம் எந்தப் பக்கம்? இடதா, வலதா?"

"உள்பக்கம்" என்றார் மனைவி.

எழுத்தர் கொஞ்சம் யோசித்தார். பிறகு 'உள்பக்கம்' என்றே எழுதிக்கொண்டார்.

மருத்துவக் குழு கூப்பிட்ட நாளில் மனைவிக்கு டூட்டி. அவர் தனியாகப் போனார். மீசையைச் சீராக்கி, சட்டையில் மடிப்புக் கலையாமல் போய், விறைப்பாக நின்றுவிட்டு வந்தார். 'பூரண நலம். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது' என்று பதில் வந்தது.

"அங்க போய் என்ன சொன்னீங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. நல்லா இருக்கேன் சார்னு சொன்னேன்."

"வேற எதுவும் சொல்லலையா?"

"மரியாதைக்குக் கேக்கறவங்ககிட்ட அழுது வடிய முடியுமா?"

மனைவி விடவில்லை, மேல்முறையீடு செய்தார். வீட்டில் ஒத்திகையும் நடந்தது. கல்லூரிக்குப் போகும் மகள் அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டராக உட்கார்ந்தாள். "எப்படி இருக்கீங்க?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், அவர் சட்டென்று எழுந்து குதிகாலைச் சேர்த்து, "நல்லா இருக்கேன் மேடம்" என்றார். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் தடவை மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனார். மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த பெண்மணிதான் மூத்தவர்.

"கூட வந்தவங்க பேசாம இருக்கணும்" என்றார்.

"பேசவே மாட்டேங்க" என்றார் மனைவி.

"நல்லா தூங்கறீங்களா?"

"தூங்கறேன் மேடம்."

"வாசக் கதவுல சாஞ்சுக்கிட்டு தூங்கறார். நான் வேலைக்குப் போகணும்னா இவரத் தாண்டித்தான் போகணும்."

மூத்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி உதட்டை மூடிக்கொண்டார்.

"சத்தம் ஏதாவது தொந்தரவு பண்ணுதா?"

"அப்படி ஒண்ணும் இல்ல மேடம்."

"குக்கர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடி, 'அப்பா, விசில் வருது'ன்னு என் பொண்ணு அறிவிப்பு கொடுக்கணும். ஒருநாள் மறந்துட்டா. இவர் அவளையும் இழுத்துக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிட்டார். சாதம் கரிஞ்சு போச்சு."

"வீட்டு விஷயத்த எல்லாம் ஏன் வெளியில சொல்ற?" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இதுக்குத்தானே வந்திருக்கோம்?"

ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் சிரிப்பை அடக்கக் குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்தார். மூத்தவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"ரோட்டுல பெட்டி கிடந்தா வண்டிய பின்னால எடுத்துடறீங்கன்னு மனுவுல இருக்கு. அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுது?"

மனைவிக்கு இதற்குப் பதில் தெரியாது. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை.

அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு டப்பா கிடந்துச்சு மேடம். ரொட்டி வர்ற தகர டப்பா. நான்தான் முதல்ல பார்த்தேன். குப்பைன்னு நினைச்சு ஒதுக்கிக்கிட்டு போயிட்டேன். பின்னால வந்த வண்டி ஒதுக்கல, வெடிச்சிடுச்சு." ஷூ நுனியைத் தரையில் தேய்த்தார். "அந்த வண்டி ஓட்டினவன் என் கூட்டாளி. நல்லா பாடுவான். நான் ஒரு ஹார்ன் அடிச்சிருந்தாகூடப் போதும்."

மனைவி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

அவர் பழக்கத்தில் எழப்போனார். பாதியில் நின்று, மறுபடியும் உட்கார்ந்தார். "சரியில்ல மேடம்" என்றார்.

ஓய்வூதியம் கிடைத்தது. வாரம் ஒருமுறை குழு ஆலோசனைக்குப் போகவேண்டும் என்று நிபந்தனை. போகமாட்டேன் என்று அடம்பிடித்தவரை மனைவி தன் பஸ்ஸிலேயே ஏற்றி, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, உள்ளே போகிற வரைக்கும் விசில் ஊதாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பயணிகள் முணுமுணுத்தும் பஸ் நகரவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஆலோசனை சொல்ற சின்ன டாக்டர் பொண்ணு நாற்காலிய எல்லாம் வட்டமா போட்டிருந்தா. நாங்க அஞ்சு பேர். யாரும் யாருக்கும் சொல்லல. அவனவன் நாற்காலிய இழுத்துட்டுப் போய் சுவரோரமா, கதவப் பார்த்தாப்ல போட்டுக்கிட்டான். நடுவுல அந்தப் பொண்ணு மட்டும் தனியா, கதவுக்கு முதுகு காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பாவமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, எங்க வரிசையில கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தோம். எல்லாரும் அரசாங்க ஆபீஸ்ல காத்திருக்கறவங்க மாதிரி வரிசையா உக்காந்து, கதவப் பார்த்துக்கிட்டே பேசினோம். அந்தப் பொண்ணும் கதவப் பார்த்துக்கிட்டேதான் கேட்டா."

"அடுத்த வாரம் போவீங்களா?"

"போகாம? இன்னைக்கு மத்தவங்க பேசவே நேரம் பத்தல. நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."