மீன் வாடைத் தலைப்பாகை

வட்டக்கோட்டையை விட்டு மயிலாடிப் பக்கம் நடக்கிறேன். வழியில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பதி. வாசலில் ஓர் இளம் தகப்பன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் பைக்கை நிறுத்திவிட்டு முழிக்கிறான்.

"அண்ணே, உங்க துண்டைத் தருவியளா? தலைப்பா கெட்டாம உள்ள போவப்பிடாது. பிள்ளைக்கு இன்னைக்குத்தான் முதல் நாமம். எனக்க துண்டுல அவ மோண்டுட்டா."

"குளச்சல்ல மீன்கூடை சுமந்த துண்டு மக்கா, நாறும்."

"மூத்திரத்துக்கு இது தேவலை," என்கிறாள் மனைவி.

உள்ளே கும்பிடச் சிலை கிடையாது, கண்ணாடிதான். நெற்றியில் நாமத்தோடு வெளியே வரும் குழந்தை துண்டின் நுனியைச் சப்புகிறது, பிடுங்கினால் அலறுகிறது. எனக்கிருப்பதோ அந்த ஒரே துண்டு.

"காலையில மயிலாடியில நம்ம சிற்பப் பட்டறைக்கு வாருங்கண்ணே, துவைச்சுத் தாறேன்."

மறுநாள் காலை துண்டு இன்னும் ஈரம். "காயிறவரைக்கும் சும்மாவா இருப்பிய?" என்று சிலை தேய்க்கும் சாணைக்கல்லை நீட்டுகிறான். கண்ணாடியைக் கும்பிடுகிறவன் செதுக்கிய பிள்ளையாரின் தொப்பையை நாள்கூலிக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.