துலாம் இருபத்தேழாம் தாள்

பிள்ளைகளே, நேற்று மூத்தவள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினாள். துலாம் மாதம், அதாவது ஐப்பசி, இருபத்தேழாம் தேதியைப் பற்றி மலையாளத்தில் எழுதியிருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்பு அந்தத் தேதியில்தான் மகாராஜா விளம்பரம் என்று அரச அறிவிப்பு செய்து, அதுவரை வாசலுக்கு வெளியே நின்ற ஜாதிக்காரர்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்டார். அன்று ஊரே கொண்டாடியது என்றும், அன்றோடு தீண்டாமை ஒழிந்தது என்றும் முடித்திருந்தாள்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் நோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அவள் அழுதாள். அவள் தம்பி பயந்துபோய் அடுக்களைக்குள் ஓடினான். என் கோபம் அவள்மேல் இல்லை. யார்மேல் என்று வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்கள் எழுதியதை ஈய எழுத்தில் கோத்துக் கொடுத்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில், மளிகை மொத்தக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை எனக்கு. முதலாளியின் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. அச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தைச் சுற்ற ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், தெற்கே எல்லைப்பக்கத்துக்காரர். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஜாதி. பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் கோத்த எழுத்துக்களைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டவர். அச்சடித்த தாளைவிட ஈயத்தில் இருப்பதைத்தான் வேகமாகப் படிப்பார்.

அச்சுக்கூடத்தின் மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை உண்டு. அதன்மேல் பித்தளைத் தம்ளர். நானும் முதலாளியும் அதில் மொண்டு குடிப்போம். சக்கரம் சுற்றுகிறவருக்குப் பின்வாசல் ஆணியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கும். அவர் சிரட்டையை நீட்டிக்கொண்டு படிக்குக் கீழே நிற்பார். நான் மேலேயிருந்து ஊற்றுவேன். தினமும் ஊற்றியிருக்கிறேன். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விளம்பரச் செய்தி வந்த அன்று மாலை முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நெற்றியில் புதுச் சந்தனம்.

"எடே, சாலையில நம்ம நோட்டீஸ்தான் முதல்ல போகணும், கேட்டியா? தமிழ்ல ஒருத்தன்கிட்டயும் இல்ல. எல்லாரும் ஒண்ணுன்னு மகாராஜாவே சொல்லியாச்சு. கொள்ளாம், கொள்ளாம்!"

அவர் விளம்பரத்தின் மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கோத்தேன். கோத்து முடித்ததை இயந்திரத்தில் ஏற்றும்போது சக்கரக்காரர் குனிந்து பார்த்தார்.

"சாரே, எனக்க காரியம் எந்த வரியில இருக்கு?"

பிறப்பாலும் மதத்தாலும் இந்துவான எவரையும் தடுக்கக்கூடாது என்ற வரியைக் காட்டினேன். மை படிந்த விரலை அதன் நீளத்துக்கு வைத்து அளந்தார்.

"ஒரு சாண்கூட இல்ல. இதுக்கா இத்தன காலம்?" என்று சிரித்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்தார்.

வெளியே வெடிச்சத்தம். தெருவில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் கோயில் பக்கம் போனார்கள். எங்கள் நோட்டீஸ் ஈரத்தோடு கட்டுக்கட்டாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சக்கரக்காரர் கையை விட்டார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நேராகப் பானையிடம் போனார், தம்ளரை எடுத்தார், மொண்டார், அண்ணாந்து குடித்தார். மறுபடியும் மொண்டார்.

"எடே! எடே! என்ன காரியம் பண்ணுக?" முதலாளியின் குரல் கீச்சென்று போயிற்று.

"தண்ணி குடிக்கேன் முதலாளி. கோயிலுக்குள்ளயே போலாம்னு இப்பத்தான் அடிச்சேன். ஆயிரத்துக்கு மேல அடிச்சாச்சு."

"கோயில் மகாராஜாவுக்க கோயில். அவரு திறப்பாரு. பானை எனக்க பானை!"

முதலாளி பானையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் முற்றத்துக் கல்லில் போட்டார். தண்ணீர் என் கால்வரை தெறித்தது. பிறகு திரும்பி வந்து, "நின்னுட்டு என்ன பாக்க? சுத்து. அரிசிக்கடைக்கு இன்னும் போகல" என்றார். சக்கரக்காரர் சுற்றினார். நான் அடுத்த கட்டை அடுக்கினேன். மறுநாள் காலையில் புதுப்பானை வந்தது. ஆணியில் அதே சிரட்டை தொங்கியது. நானும் பழையபடி மேலேயிருந்து ஊற்றினேன்.

அடுத்த கர்க்கடகத்தில், ஆடி மழையோடு மழையாக, மறுமாதம் பிறக்கிற மலையாளப் புது வருஷத்துக்கான நாள்காட்டி வேலை வந்தது. சாலைக் கடைக்காரர்கள் வாடிக்கைக்குக் கொடுக்கிற, தினம் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டி. ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே அந்த நாளில் முன்பு நடந்த முக்கியமான சங்கதிகள் மூன்று வரி வரும். எந்தப் பாலம் திறந்தது, எந்த ராஜா பட்டத்துக்கு வந்தார், எந்தத் துரை கப்பலில் வந்து இறங்கினார் என்று முதலாளி ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் துண்டுக் காகிதம் சேர்த்து வைத்திருந்தார்.

விளம்பரத்தை அவர் துலாம் இருபத்தேழில் போடவில்லை. நம் ஊரில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரத்துக்குத்தான், தேதிக்கு இல்லை. விளம்பரம் வந்தது மகாராஜாவின் பிறந்தநாளை ஒட்டி. அந்தப் புது வருஷத்தில் அந்த நட்சத்திரம் பத்து நாளுக்கு மேல் முந்தி விழுந்தது. அதனால் விளம்பரத்தையும் அந்தத் தாளுக்கே தள்ளச் சொன்னார்.

"முதலாளி, விளம்பரத்துக்கு நட்சத்திரம் ஏது? தேதிதானே?" என்றேன்.

"பிறந்தநாளுக்குக் குடுத்த தானம்டே அது. பிறந்தநாளோட போகட்டும். இருபத்தேழுல எதையாவது போட்டு நிரப்பு, காலியா விடாதே."

இருபத்தேழாம் தாளில் விளம்பரம் வரவேண்டிய இடம் காலியாக நின்றது. என்னவோ தெரியவில்லை, அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்தநாள் நகரும். உடைந்த பானை எப்படி நகரும்? ஒன்பது மாதமாக வாயில் வராதது கையில் வந்தது. கோத்தேன்:

'சென்ற ஆண்டு இந்நாளில் ஆரியசாலையில் ஓர் அச்சுக்கூடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார் ஒரு தொழிலாளி. அவர் தொட்ட பானை உடைக்கப்பட்டது.'

முதலாளி பிழை பார்ப்பது கடைப்பெயர்களையும் ஏகாதசியையும் மட்டும்தான். அது அவர் கண்ணில் படவில்லை. சக்கரக்காரர் கண்ணில் பட்டது. ஈயத்திலேயே படித்துவிட்டார்.

"சாரே, இது ஆருக்க வேல?"

"என் வேலைதான்."

"எனக்க பேரு இல்லியே?"

"போட்டா உமக்குத்தானே ஆபத்து? வேலை போயிரும்."

"உம்ம பேரும் இல்ல" என்றார். சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். அன்று அவர் சுற்றிய வேகத்தில் இயந்திரமே ஆடியது.

நாள்காட்டிகள் தைத்து அடுக்கியாகிவிட்டது. முதலில் எடுத்துப்போக வந்த அரிசிக்கடைக்காரர், அந்த நாளைப் பார்க்கிற ஆசையில் நேரே துலாம் இருபத்தேழைப் புரட்டினார். படித்தார். முதலாளியிடம் நீட்டினார்.

"என்ன ஓய், மகாராஜாவைக் காணோம், பானை இருக்கு?"

அவர் போகிறவரை முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஆரு கோத்தது?"

அங்கே எழுத்துக் கோக்கிறவன் நான் ஒருவன்தான். ஆனாலும், "இடம் காலியா இருந்தது முதலாளி" என்றேன். இதுவா பதில்? இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

முதலாளி சக்கரக்காரரைப் பார்த்தார். "நீதானே இவனுக்குச் சொல்லிக் குடுத்தே?"

சக்கரக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து 'இல்லை, நானேதான்' என்று சொல்ல வேண்டும். அவர் வேலை அந்த ஒரு சொல்லில் நின்றது. நான் எழுத்துப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மூத்தவளுக்கு ஒரு வயது. அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"அதைச் சொல்லிக் குடுக்க ஆளு வேணுமா முதலாளி? பானை உடைஞ்ச சத்தம் சாலை முழுக்கக் கேட்டுது" என்றார் அவர்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. அந்தத் தாளை ஒண்ணு விடாம கிழியுங்க. இருக்கணும்னா கிழி, இல்லேன்னா எறங்கு."

"நான் சுத்தி அடிச்சத நான் கிழிக்க மாட்டேன்."

கையைத் துடைத்தார். பின்வாசல் ஆணியிலிருந்து சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்து முதலாளியின் மேஜைமேல், மகாராஜா படத்துக்கு முன்னால் வைத்தார். அதுவரை அவர் நடந்திராத முன்வாசல் வழியாக, மழையில் இறங்கிப் போனார். என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தடவைகூடத் தேடிப் போனதில்லை.

நான் உட்கார்ந்து கிழித்தேன். ஒரு பகல் முழுக்க, மறுநாளும் கிழித்தேன். தாளுக்குத் தாள் நான் கோத்த வரியே என் விரலுக்குக் கீழே வந்து வந்து போயிற்று. அந்த வருஷம் சாலை முழுவதும் தொங்கிய எங்கள் நாள்காட்டிகளில் இருபத்தாறுக்கு அடுத்தது இருபத்தெட்டு. ஒரு பானைக்காக அந்தப் பெரிய நாளையே முதலாளி கிழிக்க வைத்தார். கேட்டவர்களிடம் தையலில் தவறிப்போச்சு என்றார். 'அப்படியா' என்று போய்விட்டார்கள். மகாராஜாவின் நாளைக் கொண்டாடிய அதே ஜனங்கள்தான்!

ஒரே ஒரு தாளை மட்டும் கிழித்து மடியில் செருகிக்கொண்டேன். அதுவும் தைரியத்தில் இல்லை, திருட்டுத்தனமாகத்தான். ஒன்பது வருஷமாக டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது.

மூத்தவளே, அந்தத் தாளை இன்று காலையில் உன் நோட்டில் ஒட்டியிருக்கிறேன். எறிந்ததில் அட்டை கிழிந்த இடத்திலும் பசை போட்டிருக்கிறேன். கடைசி வரியை அடித்துவிட்டு மறுபடியும் எழுது. கோயில் திறந்ததை எழுது, அது நடந்தது. பானை உடைந்ததை எழுது, அதுவும் அன்றுதான் நடந்தது. தாளைக் கிழிக்க மாட்டேன் என்று போனவரை எழுது. உட்கார்ந்து கிழித்தவனையும் விடாதே. அவன் யார் என்று டீச்சர் கேட்டால், என் அப்பா என்று சொல்.