வீட்டில் யார் சமைக்கிறார்கள்?

மகளிர் நோய்ப் பிரிவின் ஓ.பி.யில் புதிதாக வந்து உட்காரும் டாக்டர் பிள்ளைகள் நான் ஹிஸ்டரி எடுப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாதவிடாய், பிரசவம், ஆபரேஷன், சர்க்கரை எல்லாம் கேட்டு முடித்தபின், "வீட்ல யார் சமைக்கிறாங்க?" என்று ஒரு கேள்வி கேட்பேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. சிரிக்கட்டும். இதை எனக்குக் கொடுத்தவர் அலமேலு.

மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். அலமேலுவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். ஒரே அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவருடைய மன்னி, அதாவது அண்ணன் மனைவி, கூட்டிவந்திருந்தார். டெஸ்ட்டில் ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது.

நான் கேட்டதற்கெல்லாம் மன்னிதான் பதில் சொன்னார். அதெல்லாம் நின்று பத்து வருஷமாகிறது, அப்புறம் ஒரு சொட்டுகூடப் படவில்லை என்றார். அலமேலு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அப்படியானால் ரத்தம் எங்கேதான் போகிறது? எனக்கு எங்கேயோ உதைத்தது.

கூட வந்தவரை 'வெளியே இருங்க' என்று சொல்லக் கூடாது. கோபித்துக்கொண்டு பேஷன்ட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஏதாவது வேலை கொடுத்து அனுப்ப வேண்டும். ஸ்கேன் ரூமில் பெயர் கொடுத்துவிட்டு வரும்படி மன்னியை அனுப்பினேன். கதவு சாத்தியதும், ரத்தம் படுகிறதா என்ற அதே கேள்வியை அலமேலுவிடம் மறுபடி கேட்டேன்.

"நாலஞ்சு மாசமா படறது டாக்டர். ஆத்துல யாருக்கும் தெரியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாதவிடாய் நின்றபின் படும் ரத்தத்தை மறைப்பது உயிரோடு விளையாடுவது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் குரல் உயரவே இல்லை.

"சொன்னா தீட்டும்பா. அடுப்புகிட்ட வரப்படாதும்பா. இதுவோ எப்போ நிக்கும்னே தெரியலை. சமைக்காம அந்த ஆத்துல நான் யாரு டாக்டர்?"

இது தீட்டு இல்லை, நோயாக இருக்கலாம் என்று பொறுமையாக விளக்கினேன். பயாப்சியில் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று வந்தது. நல்லவேளை, ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்புறம் எல்லா நாளும் சமைக்கலாமோல்லியோ?"

தாராளமாக என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மாதம் ஓய்வு, கனமாக எதையும் தூக்கவிடக் கூடாது என்று மன்னியிடம் கண்டிப்பாகச் சொன்னதும் நான்தான். அவரும் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

செக்கப்புக்கு அலமேலு தனியாக வந்தார். தையல் நன்றாக ஆறியிருந்தது, முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. இனிமேல் சமைக்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"சமையலுக்கு ஒரு மாமியைப் போட்டுட்டா டாக்டர். நன்னாத்தான் பண்றா. நீ உழைச்சதெல்லாம் போறும், ரெஸ்ட் எடுத்துக்கோன்னு மன்னி சொல்லிட்டா. நல்ல மனசோடதான் சொல்றா."

காலையெல்லாம் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறாராம். குக்கர் விசில் கேட்டால் சட்டென்று எழுந்துவிடுகிறாராம். அப்புறம் உட்கார்ந்துவிடுகிறாராம். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். அடையாறு ஃபிளாட்டில் ஒரே ஆளுக்கு அரிசி களைகிறவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேஷன்ட் எதையாவது மறைத்தால், கூச்சம் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். அதைச் சொன்னால் அவருக்கு வீட்டில் என்ன பறிபோகும் என்று கேளுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது உதவும். மற்றதற்கு நம்மிடம் மருந்து இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று அலமேலுவிடம் சொன்னேன். எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார்.

"அடுத்த மாசமே வரட்டுமா, டாக்டர்?"

உடம்புக்கு அவசியமே இல்லை. வாங்க என்றேன்.