வெள்ளைப் பட்டை டயரும் என் பத்து விரலும்

டிரைவர் வேலை என்றால் ஸ்டியரிங் பிடிப்பது என்று நினைப்பவர்கள், வெள்ளைப் பட்டை போட்ட டயரோடு ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார்கள். அடுத்தவர் காரைத் துடைத்தே கை காய்த்துப்போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

சீமைக் கார் வந்த கதை

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். அவர் மதராசில் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டிலிருந்து பழைய சீமைக் கார் ஒன்றை வாங்கி வந்தார். கறுப்பு டயரின் பக்கவாட்டில் வட்டமாக நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை ரப்பர். வெள்ளை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஷெட்டில் கிடந்து கிடந்து அது வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி ஆகியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நாரால் தேய்த்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், இன்னும் கொஞ்சம் மஞ்சளானது.

பங்குனியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கு வீட்டில் நான்கு பிள்ளைகள், வேறு தொழிலும் தெரியாது. அது தெரிந்தேதான் ஒரு நாள் டயரைக் காட்டிச் சொன்னார்: "ஏகாம்பரம், கல்யாணத்துக்குள்ள இது வெளுத்தா உன் வேலை நெலைக்கும். வெளுக்கலன்னா வண்டிய வித்துட்டு வாடகைக் காரு வெச்சிக்குவேன். அப்புறம் உனுக்கு இங்க என்னாபா வேலை?"

சாயக்காரர் வைத்தியம்

பத்திரிகை வைக்கப் புறப்படும் முன் வண்டிக்குப் பூசை போட்டார்கள். முதலாளி வீட்டம்மா, கறுப்பில் மஞ்சள் எடுபடாது என்று, பார்த்துப் பார்த்து வெள்ளைப் பட்டையிலேயே மஞ்சளைக் குழைத்துப் பூசினார். நான்கு டயருக்கும். நான் என்ன சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கடைக்குச் சாயம் போட்டுத் தரும் பெரியவரிடம் போய் அழுதேன். கச்சாப் பட்டு வரும்போது பழுப்பாகத்தான் இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் வேகவைத்து வெளுத்த பிறகுதான் அதற்குச் சாயம் ஏற்றுவார்கள். "பட்டே வெளுக்குது, ரப்பரு என்னா பெரிய ரப்பரு?" என்று அந்தத் தண்ணீரை ஒரு வாளி தூக்கிக்கொண்டு அவரே வந்தார். ஊற்றினோம். கண்மூடித் திறப்பதற்குள் நான்கு டயரும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைக்கிற வீட்டில்தான் இரண்டு பேரும் பிறந்தோம். சோடாவும் அதே வேலையைச் செய்யும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவரோ குந்தி உட்கார்ந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்: "சாயம் நல்லா ஏறிக்கினுகீதுபா. இனிமே எத்தினி தபா தோச்சாலும் போவாது."

தூணுக்குப் பதிலாக

நல்லவேளை, அவர் சொன்னது பலிக்கவில்லை. வெயிலில் நிறுத்தி நிறுத்தி வைத்ததில் சிவப்பு வெளிறி பழைய மஞ்சளே திரும்பி வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படும் நிலைமைக்கு வந்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மன் சன்னதியில் பத்திரிகை வைக்க முதலாளி உள்ளே போயிருந்தார். நான் டீ குடித்துவிட்டு வந்தால், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் நெற்றிக்கு இட்டது போக மீந்த குங்குமத்தை முன் டயரின் வெள்ளைப் பட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் கையை நீட்டியபடி நின்றார்கள். "என்னம்மா இது?" என்றேன். அந்த அம்மாள் நிதானமாகத் திரும்பினார்: "தூண்ல தடவக் கூடாதுன்னு போர்டு வெச்சிக்கிறாங்க. வேற எங்கதான் தடவுறது, நீயே சொல்லுபா."

முசரவாக்கம் வரை

கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து டயருக்கும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். டயர் கொக்கு மாதிரி வெளுத்துவிட்டது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வேலை நிலைத்தது என்று வீட்டுக்கும் சொல்லியனுப்பிவிட்டேன்.

மறுநாள் முசரவாக்கத்தில் அவருடைய மச்சானுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, சுண்ணாம்பு வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலை நெடுக வெள்ளைக் கோடு. முதலாளி மட்டும் ஒன்றும் தெரியாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றதும் கழனியிலிருந்து வந்த மச்சான், வாங்க என்றுகூடச் சொல்லாமல் நான்கு டயரையும் சுற்றிப் பார்த்தார்: "என்னா மச்சான், ஊட்டோட சேத்து வண்டிக்கும் வெள்ளையடிச்சிட்டீங்களா? ஒரு கோட்டு பத்தலபோலக்குது."

மாப்பிள்ளை அழைப்பு

வீடு திரும்பியதும் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். வெள்ளையடித்தவர் கதவு தேய்க்க வைத்திருந்த உப்புத்தாள் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. கடைசி முயற்சியாக அதைத் தண்ணீரில் நனைத்து டயரில் தேய்த்தேன். மஞ்சள் தோல் உரிந்து அடியிலிருந்து நிஜமான வெள்ளை ரப்பர் எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு டயரும் முடிவதற்குள் என் பத்து விரலிலும் தோல் போயிற்று.

மாப்பிள்ளை ஆரணியில் அரிசி மில் வைத்திருப்பவர். ஊர்வலம் முடிந்து இறங்கியவர் மாலையைக்கூடக் கழற்றாமல் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "புடிச்சிருந்தா எடுத்துக்குங்க மாப்ள, வண்டி உங்களுக்குத்தான்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். இந்த வண்டி கையை விட்டுப் போகக் கூடாது என்றுதானே நான் இவ்வளவும் செய்தேன். நான் நின்ற நிலையைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லைபோல. "ஏகாம்பரத்தையும் கூட்டிக்கினு போங்க, நல்ல டிரைவரு" என்று சேர்த்துச் சொன்னார். போன உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்: "வண்டிய நானே ஓட்டிக்குவேன் மாமா. டயரு தேய்க்கத்தான் எனக்கு ஆளு வேணும்."

டயர் வெளுத்தது, வேலையும் நிலைத்தது, ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காரை நான் பார்த்ததெல்லாம் தரையில் குந்தியபடிதான்.