காலிக் கண்ணாடி போட்ட குடும்பம்

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு கிடையாது. படப் புத்தகத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் பிடிப்பாள். எதைக் கேட்டாலும் "அது ஆட்டிசம்" என்று சொல்லிவிடுவது எல்லாருக்கும் வசதி. எனக்கோ அவள் கண்மேல்தான் சந்தேகம்.

கண் ஆஸ்பத்திரியில், லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சட்டத்தை மாட்டியதுமே அலறிப் பிடுங்கி எறிந்தாள். காதில் எது பட்டாலும் அவளுக்கு ஆகாது.

"இப்போ முடியாது கேட்டோ. மயக்கம் கொடுத்து நோக்கலாம்," என்றார் டாக்டரம்மா, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக.

ஒரு கண்ணாடிக்காகப் பிள்ளைக்கு மயக்க மருந்தா? எனக்குச் சுரீரென்று வந்தது. "கொஞ்சம் டைம் தாங்க டாக்டர். நான் பழக்கிக் கூட்டிட்டு வாரேன்." எப்படிப் பழக்குவது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்த பழைய மூக்குக் கண்ணாடிகளின் லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சட்டத்தை நான் ஒன்று மாட்டிக்கொண்டேன். இன்னொன்றைக் கணவரிடம் நீட்டினேன். அவருக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை. பள்ளி விட்டதும் மகள் அங்கேதான் வருவாள்.

"கடையிலயும் போடணுமா? ஆளுவ சிரிப்பாவ பிள்ளே."

"சிரிக்கட்டும். காசா, பணமா?"

மூட்டை இறக்க வந்தவர் ஒருவர் சட்டத்துக்குள் விரலை விட்டு, "முதலாளி, இதுல கண்ணாடிச் சில்லு இல்லியே!" என்றாராம். என் வீட்டுக்காரர் அசரவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தைக் கல்யாணமான புதிதில்கூட நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் மகள் அவர் முகத்திலிருந்து சட்டத்தை உருவித் தானே மாட்டினாள். உடனே எறிந்தாள். மறுநாள் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு குளிக்கக்கூடக் கழற்ற மாட்டேன் என்று அடம்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லென்ஸ் போடும் சட்டத்தை மாட்டியபோது இந்த முறை அவள் எறியவில்லை. அவள் மடியில் நாலு படம் போட்ட அட்டை. டாக்டரம்மா தூரத்தில் ஒரு படத்தைக் காட்ட, இவள் தன் அட்டையில் அதே படத்தைத் தொட வேண்டும். பேச்சே வேண்டாம். ஒரே மாதிரி இரண்டைச் சேர்ப்பதில் என் மகள் புலி. பெரிய படங்களைத் தொட்டாள். படம் சிறிதானதும் கை நின்றுவிட்டது. லென்ஸ் மாற்றினார். தொட்டாள். இன்னும் சிறிய படம், அதையும் தொட்டாள்.

"மிடுக்கி!" என்றார் டாக்டரம்மா. கெட்டிக்காரப் பெண்ணுக்கு இந்த ஊர் கொடுக்கும் பட்டம் அது. என் பிள்ளையை ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையில் எனக்கு உட்காரவே முடியவில்லை.

அந்தச் சட்டத்தோடு சற்று நடத்திப் பார்க்கச் சொன்னார். வராந்தா முடிவில் மாடிப்படி. என் கையை இறுக்கிப் பிடிக்காமல் அவள் ஒரு படிகூட இறங்கியதில்லை. அதையும் ஆட்டிசம் என்றுதான் எல்லாரும் சொல்லிவந்தார்கள். வழக்கம்போலக் கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. படிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக இறங்கிக் கீழே போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத்தான் கண் நிறைந்து படி தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.