பேய் தலையில் விரியாத மல்லி

பேய் தலையில் இருந்த மல்லிகை மொட்டாகவே இருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

படத்தில் ஒருத்தி காலையில் பூ வைத்துக்கொண்டு கிணற்றில் விழுந்து சாகிறாள். ராத்திரி பேயாக வருகிறாள். மறுநாள் ராத்திரியும் வருகிறாள். மொட்டு மட்டும் விரியவே இல்லை. பேயைப் பார்த்துப் பயந்துவிட்டது போல.

திண்டுக்கல்லில் இன்று காலைக்காட்சி. என்னையும் அத்தையையும் சேர்த்து ஆறு பேர். வெளியே வந்தால் படத்தின் டைரக்டரே செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு இதுதான் முதல் படம்.

"எப்படி இருந்துச்சு தங்கச்சி?"

இந்தப் பக்கத்தில் எல்லாப் படத்தையும் விமர்சனம் எழுதிக் கிழித்துத் தொங்கவிடுகிற நான், நேரில் அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தைதான், "பயந்தே போயிட்டோம் தம்பி" என்றாள். இடைவேளைக்கு அப்புறம் முழுக்கத் தூங்கினவள்.

"மொட்டு விரியலண்ணே" என்றேன் மெதுவாக. "நான் பூக்கடையில பூ கட்டுறேன். சாயங்காலமானா விரிஞ்சிரும்."

அவர் போனை இறக்கிவிட்டார். "ஷூட்டிங்ல நெசப் பூ வாடிருதும்மா, அதான் பிளாஸ்டிக். கூட்டம் வரலைன்னா நாளைக்குப் படத்தையே தூக்கிருவாங்க. இத எங்கயும் எழுதிராத."

சரி என்று தலையாட்டினேன். படத்தில் கிணற்றுக் கயிறு தானாக ஆடுகிற இடத்தில் நிஜமாகவே பயந்து அத்தை கையைக் கிள்ளினேன். அதை அவரிடம் சொல்லத்தான் வரவில்லை.

தியேட்டர் வாசலில் அட்டைப் பேய் ஒன்று நின்றது. என் தலையில் இருந்த மொட்டுச் சரத்தை எடுத்து அதற்கு வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலக் காட்சிக்குப் போகிறவர்கள், விரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.